புல்வெளியின் ஓரத்தில்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், ஏறத்தாழ 8,600 அடி உயரத்தில், துவாலமி புல்வெளிகள் பரந்து கிடக்கின்றன. ஆண்டின் பாதிக்கும் மேலாகப் பனியே அந்நிலத்தின் போர்வை. பனி உருகியபின் வாய்க்கும் சில வாரங்களுக்குள் புல் தளிர்த்துப் பூத்து விதை உதிர்த்துவிட வேண்டும். அவ்வாரங்களில் ஈரமண் மிக மென்மையாக இருக்கும். ஒரே தடத்தில் பலர் நடந்தால் அது பள்ளமாகும். பள்ளத்தின் வழியே நீர் வடியும். நீர் வடிந்த இடத்தில் புல் தளர்ந்து, பைன் கன்றுகள் வேர்கொள்ளத் தொடங்கும்.

இப்புல்வெளிக்கு 1869ஆம் ஆண்டுக் கோடையில் ஜான் மியூர் வந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அவருக்கு அப்போது வயது 31. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செம்மறியாடுகள் அடங்கிய மந்தையொன்றுக்குத் துணையாகவே அவர் மலையேறினார். ஆடு மேய்த்தலை இனிய தொழிலாகக் காட்டாத இலக்கியம் அரிது. மியூர் கண்டதோ வேறு. மந்தை கடந்த நிலத்தில் இலையும் பூவும் எஞ்சவில்லை. பிற்காலத்தில் அவர் அம்மந்தைகளை வெட்டுக்கிளிக் கூட்டத்தோடு ஒப்பிட்டு எழுதினார். கூலி தந்த தொழிலையே குறைகூற நேர்ந்தபோதும் அவர் தயங்கவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, 1889இல், ‘செஞ்சுரி’ இதழின் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ராபர்ட் அண்டர்வுட் ஜான்சனை அழைத்துக்கொண்டு அவர் மீண்டும் அங்கே வந்தார். இருவரும் புல்வெளியை ஒட்டியிருந்த ஊற்றருகே முகாமிட்டனர். மேய்ச்சலால் நலிந்த நிலத்தைக் கண்ட ஜான்சன், அன்றிரவு நெருப்பருகே அமர்ந்து, இப்பகுதியைத் தேசியப் பூங்காவாக்க முயல வேண்டும் என்றார். மியூர் கட்டுரைகள் எழுதினார். ஜான்சன் தலைநகரில் ஆதரவு திரட்டினார். 1890 அக்டோபர் 1 அன்று யோசெமிட்டி தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறியது.

ஆடுகள் அகன்றன, அன்பர்கள் வந்தனர். 1913இல் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி கிடைத்ததும், யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் புல்வெளிகளில் வண்டியை நிறுத்தி, அங்கேயே கூடாரம் அடிப்பது வழக்கமாயிற்று. அழகை நாடி வந்தோரின் சக்கரங்கள் எந்தக் குளம்புக்கும் சளைத்தவையல்ல. மரங்களின் நோய்களை ஆராய்ந்த எமிலியோ மைனெக்கே இதன் விளைவை ஆழ்ந்து கவனித்தார். காலும் சக்கரமும் அழுத்த அழுத்த மண் இறுகுகிறது. இறுகிய மண்ணில் வேருக்குக் காற்றும் நீரும் எட்டுவதில்லை. மரம் மெல்ல மெல்ல மடிகிறது. 1932இல் அவர் வகுத்த முகாமிடக் கொள்கை எளியது. வருவோரைத் தடுக்க வேண்டா. அவர்கள் மிதிக்கும் இடத்தை வரையறுத்தால் போதும். ஒருவழிப் பாதை, வண்டி நிற்க ஒரு சிறு கிளைவழி, அதன் எல்லையில் பாறை அல்லது மரத்துண்டு, நிலையான அடுப்பும் மேசையும் என அவர் காட்டிய வடிவம் அமெரிக்க முகாமிடங்கள் பலவற்றில் பரவியது.

மலையின் உட்பகுதியில் உள்ள சிறு முகாமிடங்களில் அவ்வளவுகூட இராது. குழாயில்லை, மின்விளக்கில்லை, இருப்பதெல்லாம் குழிக்கழிப்பறையும் கல்லடுக்கிய தீக்குழியும், கரடி திறக்கவியலாத இரும்புப் பெட்டியுமே. உணவு மட்டுமன்றி மணமுள்ள சோப்பும் அப்பெட்டிக்குள்தான் உறங்க வேண்டும். ஓடைநீரைக் கொதிக்கவைத்தோ வடிகட்டியோ குடிக்கின்றனர். கோடையிலும் விடியற்காலையில் உறைபனி படியக்கூடும். முன்கோடையின் கொசுக்களைப் பற்றிப் பயண நூல்கள் அடக்கமாகவே பேசும். போனவர்களுக்கே அதன் உண்மை தெரியும்.

ஆயினும் வருவோர் புல்வெளியின்மேல் கூடாரம் அடிப்பதில்லை. நீர்நிலையிலிருந்து 200 அடி விலகி, பைன் மரங்களின் கீழ், முன்பே பலர் தங்கி இறுகிய வெற்றுத்தரையைத் தேர்கின்றனர். புதிய இடம் எவ்வளவு அழகாயினும் பழைய தழும்பிலேயே படுக்கின்றனர். அங்கிருந்து பார்த்தால் மரங்களுக்கு இடையே புல்வெளி முழுவதும் தெரிகிறது. வறண்ட ஆண்டுகளில் தீ மூட்டவும் தடையுண்டு. அப்போது இருளும் விண்மீன்களும் மட்டுமே துணை. புறப்படும் நாளில் குப்பை அனைத்தும் மூட்டைக்குள் ஏறுகிறது. ஆரஞ்சுத் தோலும் விதிவிலக்கன்று. அக்குளிர்நிலத்தில் அது மக்குவதற்கு நெடுங்காலம் பிடிக்கும்.