ஆச்சி வாங்கிய சமாதானம்

திருவிருந்து ஞாயிற்றுக்கு முந்தின ராத்திரியே ஆச்சி வெள்ளைச் சேலையை எடுத்துத் தலைமாட்டில் வைத்துவிடுவாள். விடிந்தால் காப்பித்தண்ணிகூடத் தொடமாட்டாள். தேரிச் செம்மண்ணில் கால் புதையப் புதைய, பனைகளுக்கு மேலே தெரியும் மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரத்தைப் பார்த்தபடி நடப்போம். 192 அடி உயரம், ஜான் தாமஸ் ஐயர் எழுப்பியது என்று தாத்தா ஒவ்வொரு முறையும் சொல்வார்.

திடப்படுத்தல் பெறாத பிள்ளைகளுக்கு அந்நாளில் அப்பமும் ரசமும் கிடையாது. பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. பந்தி பந்தியாகப் போய்க் கிராதியருகே முழங்காலிடுவார்கள். பனையேறியும் பள்ளிக்கூட வாத்தியாரும் தோள் உரச இருக்க, ஒரே பாத்திரம் எல்லார் உதட்டுக்கும் போகும்.

தாத்தா படுக்கையில் விழுந்தபோது எங்கள் சபை ஐயர் வீட்டுக்கே வந்தார். கொண்டுவந்த சின்னப் பெட்டியைத் திறந்தார். கோயிலில் பார்த்த அதே பாத்திரங்கள், குட்டி குட்டியாக. ஆச்சி முக்காலியில் சலவைத் துணி விரித்தாள். தாத்தாவால் விழுங்க முடியவில்லை. ஐயர் அப்பத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி, ரசத்தில் தோய்த்து, நாக்கில் வைத்தார். மீதியை ஆச்சி வாங்கினாள். அவர்கள் இருவரும் சேர்ந்து உண்ட கடைசி உணவு அதுதான்.

அடக்கத்துக்குப் பிறகு ஆச்சி கோயிலுக்கு வந்தாள், ஆனால் பந்திக்கு எழுந்திருக்கவில்லை. மாதக்கணக்காக அப்படித்தான். அத்தை ஒருநாள் கேட்டேவிட்டாள்.

“ஆண்டவர்மேல கோவத்த வச்சிக்கிட்டு எப்படிட்டி கைய நீட்டுறது?” என்றாள் ஆச்சி. அபாத்திரமாய்ப் புசிப்பதைப் பற்றிக் கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய எச்சரிக்கை அவளை அந்த அளவுக்குப் பிடித்திருந்தது.

பெரிய வியாழன் ராத்திரி ஐயர் வேறொன்றைச் சொன்னார். அந்தப் பந்தியைப் போட்டவர் மறுநாள் சாகப்போகிறவர். சுற்றியிருந்தவர்கள் மனமெல்லாம் துக்கம். விடிவதற்குள் மறுதலிக்கப்போகிற பேதுருவும் அங்கேதான் இருந்தான். அவனுக்கும் அப்பம் கிடைத்தது.

தென்னிந்தியத் திருச்சபை 1950இல் வகுத்த ஆராதனை முறையில், சமாதானம் பீடத்திலிருந்து புறப்பட்டுக் கைமாறிக் கைமாறிச் சபை முழுக்க வரும். வாழ்த்தை வாயால் சொன்னால் போதாது, கைக்குள் கை வைத்துத் தரவேண்டும். அன்று ராத்திரி எங்கள் வரிசைக்கு அதைக் கொண்டுவந்தவர் தாத்தாவின் சவப்பெட்டியைச் சுமந்த பக்கத்து வீட்டுக்காரர். ஆச்சி அவர் கையைச் சற்று நேரம் விடவேயில்லை. பிறகு எழுந்து பந்திக்குப் போனாள்.

துக்கம் ஆறியபின் வரவேண்டிய இடம் பந்தி என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. எம்மாவுக்குப் போன இருவரும் முகம் வாடித்தான் நடந்தார்கள். வழிநெடுகக் கூடவே வந்தவரை அப்பம் பிட்கையில்தான் அறிந்தார்கள். தேவதூதரோடும் பரலோகக் கூட்டம் அனைத்தோடும் சேர்ந்து துதிக்கிறோம் என்ற இடம் ஜெபத்தில் வரும்போது, அந்தக் கூட்டத்தில் தாத்தாவையும் சேர்த்தே நான் நினைக்கிறேன். மரித்தவர்களுக்கும் நமக்கும் ஆண்டவர் ஒருவரே என்றால், பந்தி மட்டும் எப்படி இரண்டாகும்?

அந்தப் பெரிய வியாழன் ராத்திரி வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கையில், அத்தனை மாதம் தாத்தா பேச்சையே எடுக்காத ஆச்சி, அவர் உடன்குடிச் சந்தையில் கருப்பட்டி விற்று ஏமாந்த கதையைத் தொடங்கினாள். அத்தை இடையில் புகுந்து தொகையைக் கூட்டிச் சொன்னாள். “அவுக அவ்வளவு ஏமாளி இல்லட்டி” என்று ஆச்சி சண்டைக்கே வந்துவிட்டாள்.