பனிச்சாலைக்கு ஒரு வேன், கியர்பாக்ஸுக்கு ஒரு பின்வாசல்

ஜப்பானின் வடகிழக்கில் தோஹோக்கு என்றொரு பகுதி. குளிர்காலம் வந்துவிட்டால் மலைப்பாதைகளில் பனி குவிந்து கிடக்கும். ஆனாலும் மின்கம்பிகளைப் பார்த்துவர ஆள் போயே ஆக வேண்டும். கம்பி அறுந்து கிடந்தால் ஊரே குளிரில் இருட்டில் கிடக்கும் அல்லவா? தோஹோக்கு மின்சார நிறுவனத்தின் ஊழியர்கள் இந்த வேலைக்கு ஜீப்பில்தான் போனார்கள். ஜீப்பின் நான்கு சக்கரங்களும் இழுக்கும், அதனால் பனியில் சிக்காது. ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு? குளிரும் குலுக்கலும்தான் மிச்சம்.

1970களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் மியாகி சுபாருவிடம் ஒரு கேள்வி கேட்டது. காரைப் போல வசதியாகவும் ஜீப்பைப் போலப் பனியில் ஓடுவதாகவும் ஒரு வண்டி செய்து தர முடியுமா என்பதே அது. மியாகி சுபாரு ஒரு தொழிற்சாலை அல்ல, அந்த வட்டாரத்தில் சுபாரு கார்களை விற்ற நிறுவனம். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் கையில் இருந்தது சுபாரு எஃப்எஃப்-1 வேன். முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டி, கையால் கியர் மாற்றும் வகை. பொதுவாக இப்படி முன்சக்கரம் இழுக்கும் கார்களில் இன்ஜினும் கியர்பாக்ஸும் குறுக்கு வாட்டில் படுத்திருக்கும். அதிலிருந்து பின்சக்கரத்துக்குச் சக்தி அனுப்ப வேண்டுமானால் ஓட்டத்தையே 90 டிகிரி திருப்ப வேண்டும். சுபாருவில் அந்தத் தொல்லை இல்லை. இன்ஜின் நீள வாட்டில் இருந்தது. அதன் பின்னால் கியர்பாக்ஸ். கியர்பாக்ஸின் வால் பின்சக்கரங்களைப் பார்த்தே நின்றது. அந்த வாலில் ஒரு வாசல் திறந்து, பற்சக்கரம் வைத்து, நீண்ட ஷாஃப்ட் ஒன்றைப் பின்னால் கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி. பின் டிஃபரென்ஷியலுக்கு எங்கே போவது? நிஸானின் புளூபேர்ட் காரிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்!

கேட்பதற்கு எளிதாக இருக்கிறதா? இந்த மாதிரி வேலையில் இறங்குபவர்களுக்கு இரண்டு குழிகள் எப்போதும் காத்திருக்கும்.

முதலாவது, பல் கணக்கு. உதாரணமாக, முன்பக்கம் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் நான்கு சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். வேறு காரிலிருந்து கொண்டுவந்த பின் டிஃபரென்ஷியலோ நாலரை சுற்று கேட்கிறது. ஒரே கியர்பாக்ஸ் முன்சக்கரத்தை வேகமாகவும் பின்சக்கரத்தை மெதுவாகவும் ஓட்டப் பார்க்கும். நேர்சாலையிலேயே டயர் தேயும், பற்கள் திணறும். இரண்டு பக்கமும் கணக்கு ஒத்துப்போனால்தான் வண்டி பிழைக்கும்.

இரண்டாவது, வளைவு. திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்தில் போகும், பின்சக்கரங்கள் சின்ன வட்டத்தில் போகும். இரண்டையும் இறுக்கிப் பிணைத்துவிட்டால் ஏதாவது ஒன்று வழுக்கியே ஆக வேண்டும். பனியில் டயர் சுலபமாக வழுக்கிவிடும், பிரச்சினை இல்லை. காய்ந்த தார்ச்சாலையில் வழுக்காது, அந்த முறுக்கெல்லாம் ஷாஃப்ட்டின் மேல் ஏறும். சுபாரு இதற்கு வைத்த வழி ஒரு நெம்புகோல். பனி வந்தால் பின்சக்கரத்தைச் சேர்த்துக்கொள், சாலை காய்ந்தால் கழற்றிவிடு. அவ்வளவுதான்.

எஃப்எஃப்-1 1300ஜி வேனில் எட்டே எட்டு வண்டிகள் இப்படித் தயாராயின. 1971 டோக்கியோ மோட்டார் ஷோவில் அது காட்சிக்கு வந்தது. 1972இல் லியோன் எஸ்டேட் வேன் நான்கு சக்கர இயக்கத்தோடு கடைக்கே வந்துவிட்டது.

வளைவுச் சிக்கலை நெம்புகோல் இல்லாமலே தீர்த்தவர்கள் ஜெர்மனியின் ஆடி பொறியாளர்கள். 1976-77 குளிர்காலச் சோதனையில், வெறும் 75 குதிரைசக்தி கொண்ட இல்டிஸ் என்ற ராணுவ வண்டி, அதைவிடச் சக்தி வாய்ந்த கார்களைப் பனியில் திணறடித்தது. அதைப் பார்த்த யோர்க் பென்சிங்கருக்கு, இதைக் காரிலும் செய்தால் என்ன என்று தோன்றியது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு டிஃபரென்ஷியல் இருந்தால் வளைவில் முறுக்கு ஏறாது. ஆனால் அதை வைக்கத் தனிப் பெட்டி கட்டினால் எடை கூடும், இடம் போகும். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கியர்பாக்ஸில் ஏற்கெனவே இருந்த ஒரு ஷாஃப்ட்டை உள்ளே குடைந்து குழாயாக்கினார்கள். நீளம் 263 மில்லிமீட்டர். குழாய் வழியே சக்தி பின்னால் இருக்கும் நடு டிஃபரென்ஷியலுக்குப் போகும். அங்கே பிரிந்து ஒரு பாதி பின்சக்கரங்களுக்குப் போகும், மறுபாதி குழாய்க்குள் சுழலும் இன்னொரு ஷாஃப்ட் வழியே முன்னால் திரும்பும். 1980 ஜெனீவா கண்காட்சியில் குவாட்ரோ என்ற பெயரில் அந்தக் கார் வெளிவந்தது. பிறகு ராலி பந்தயங்களின் போக்கையே மாற்றியது.

இரண்டு கதைகளிலும் ஒன்று பொது. யாரும் கியர்பாக்ஸைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவில்லை. இருப்பதற்குள் எங்கே இடம் இருக்கிறது என்று தேடினார்கள். ஒருவர் வாலில் வாசல் வைத்தார், இன்னொருவர் ஷாஃப்ட்டுக்குள்ளேயே வழி கண்டார். ஆனால் புகழ் முழுக்கப் பந்தயக் காருக்கே போய்விட்டது. குளிரில் கம்பி பார்க்கப் போகிறவன் கொஞ்சம் கதகதப்பாக உட்கார்ந்து போகட்டும் என்பதற்காக, வேறு காரின் டிஃபரென்ஷியலை மாட்டிப் பார்த்தவர்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.