விஸார்ட் இருக்கும்போது ஃபைட்டர் எதுக்கு?

"மச்சி, நான் எதுக்குடா வர்றேன்? எல்லாத்தையும் அவனே பண்ணிடறானே!"

போன செமஸ்டர்ல ஒரு சனிக்கிழமை ராத்திரி, எங்க குரூப்பில் ஃபைட்டர் ஆடுற நண்பன் பகடையைக் கீழே வெச்சிட்டுச் சொன்னது இது. ஹாஸ்டல் ஜன்னலுக்கு வெளியே சிறுசேரி சிப்காட் கட்டடங்கள் விளக்கோட நிக்குது. உள்ளே அஞ்சு பேர், ஒரு செட் பகடை, பாதி காலியான மிக்சர் பாக்கெட். அடுத்த வாரம் அவன் வரலை. அதுக்கு அடுத்த வாரமும் வரலை.

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆடாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். டிஎம்னு ஒருத்தர் கதையை நடத்துவார், மத்தவங்க ஆளுக்கொரு கேரக்டர். ஃபைட்டர் வாளெடுப்பார், விஸார்ட் மந்திரம் போடுவார். எங்க டிஎம் நான்தான். அதனால தப்பும் என்னோடதுதான். அது புரியத்தான் ரெண்டு வாரம் ஆச்சு.

முதல்ல கணக்குல தேடினேன். இன்ஜினியரிங் புத்தி! 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில், 5-வது லெவல் ஃபைட்டர் ஒரு அடிக்குப் பதிலா 2 அடி அடிக்கலாம். அதே லெவலில் விஸார்டுக்கு ஃபயர்பால் கிடைக்குது: 20 அடி ஆரத்துக்குள்ள நிக்கிற எல்லார் மேலயும் 8 ஆறுமுகப் பகடை அளவுக்குச் சேதம். பெரிய வித்தியாசம்தான். ஆனா ஒரே எதிரி, நீளமான சண்டைன்னா ஃபைட்டர் சமாளிச்சிடுவான்.

அவனை உட்கார வெச்சது சண்டை இல்லை, மத்ததெல்லாம். சுவர் ஏறணுமா? 'ஸ்பைடர் கிளைம்ப்'. பூட்டு திறக்கணுமா? 'நாக்'. காவலாளியைத் தாண்டணுமா? 'இன்விசிபிலிட்டி'. ஃபைட்டர் சுவர் ஏறப் பகடை உருட்டணும், வழுக்கியும் விழலாம். மந்திரம் போட்டா போட்டதுதான்.

இது பழைய தலைவலி. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் பதிப்பில், புது மந்திரவாதிக்கு நாளுக்கு ஒரே ஒரு மந்திரம். தப்பிச்சு மேல வந்தா அவன்தான் ராஜா. 2008-ல் வந்த நான்காம் பதிப்பு எல்லாருக்கும் ஒரே அச்சில் சக்திகளைக் கொடுத்தது. சமமாச்சு, ஆனா எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்கன்னு பலர் புலம்பினாங்க.

ரெண்டாவது வாரம் ஜூனியர் பசங்களைக் கூட்டிக்கிட்டு மாமல்லபுரம் போனேன். அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒத்தைக் கால்ல, விலா எலும்பு தெரிய, கையைத் தூக்கி நிக்கிறாரே, அவரைப் பார்த்துக்கிட்டே நின்னேன். பகீரதன்னும் சொல்றாங்க. அர்ச்சுனன்னே வெச்சுக்கோங்க. அவன் ஃபைட்டர்தானே? ஆனா பாசுபதம் வாங்கத் தவம் கிடக்கிறான். நம்ம கதைகளில் எந்த அஸ்திரமும் சும்மா வராது.

அப்போதான் கர்ணன் ஞாபகம் வந்தான். இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம் ஒரே ஒரு தடவைதான் பயன்படும். அர்ச்சுனனுக்காகப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தான். கண்ணன் என்ன பண்ணார்? அந்த ஆயுதத்தைப் பிடுங்கலை. ராத்திரிப் போருக்குக் கடோத்கசனை அனுப்பினார். கௌரவ சேனை அலறினதுல, கர்ணன் அதை அவன் மேல எறிய வேண்டியதாப் போச்சு.

நல்ல டிஎம் செய்ற வேலை அதுதாங்க! நான் செஞ்சது நேர் எதிர். ஒவ்வொரு சண்டை முடிஞ்சதும் "சரி, தூங்கி எழுந்திருங்க"ன்னு விட்டுட்டேன். தூங்கி எழுந்தா விஸார்டுக்கு மந்திரம் எல்லாம் திரும்ப வந்துடும். கர்ணனுக்குத் தினம் காலையில சக்தி ஆயுதம் திரும்பக் கிடைச்சிருந்தா பாரதப் போர் என்ன ஆகியிருக்கும்? 2014 டிஎம் கையேடு ஒரு நாளுக்கு 6 முதல் 8 மோதல் வரை தாங்கலாம்னு கணக்கு வெச்சிருக்கு. நான் வெச்சது ஒண்ணே ஒண்ணு.

விஸார்ட் ஆடுறவன் மேல எந்தத் தப்பும் இல்லை. அவன் மந்திரத்தை வெட்டியிருந்தா, அடுத்து அவன் வராம இருந்திருப்பான். அதனால விதியை மாத்தலை, நான் மறந்த விதிகளைத் திரும்பக் கொண்டு வந்தேன். 'நாக்' போட்டா 300 அடி வரைக்கும் சத்தம் கேட்கும். 'ஸ்பைடர் கிளைம்ப்', 'இன்விசிபிலிட்டி' ரெண்டுக்குமே கவனம் வேணும், ஒரே நேரத்தில் ரெண்டையும் பிடிச்சு வெச்சுக்க முடியாது. கூடவே ஒரு கெடு: விடியறதுக்குள்ள கைதிகளை மீட்கணும், தூங்க நேரமில்லை.

ஃபைட்டரைத் தேடி அவன் ரூமுக்கே போனேன். "தப்பு என்னோடதுடா, ஒரு தடவை வா"ன்னு சொன்னேன். வந்தான், முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு.

மூணாவது மோதலிலேயே விஸார்டோட பெரிய மந்திரங்கள் காலி. அஞ்சாவதில் கோட்டை வாசல், குறுகலான பாதை, எதிரே காவலாளிகள். பின்னாடி மத்தவங்க கைதிகளோட சங்கிலியை உடைச்சிட்டிருக்காங்க. வாசலை மறிச்சு நிக்க ஃபைட்டரால மட்டும்தான் முடியும்.

விஸார்ட் ஆடுறவன் மிக்சரைத் தள்ளி வெச்சிட்டு அவன் தோளைப் பிடிச்சான்.

"இன்னும் ஒரே ஒரு ரவுண்டு தாங்குடா, ப்ளீஸ்!"

ஃபைட்டர் பகடையைக் கையில எடுத்தான்.