லாரியின் மூக்கு

மார்ச் மாதத்தில் தில்லியைத் தாண்டி வடக்கே போனால் சாலையோரத்து இலவ மரங்கள் இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும். காரில் போகிறவர்கள் இறங்கிப் படமெடுத்துக்கொள்கிறார்கள். நாமக்கல் பக்கத்திலிருந்து பன்னிரண்டு சக்கர லாரியில் சரக்கேற்றி வரும் அந்த 52 வயது டிரைவருக்கு மட்டும் அந்தப் பூக்களைக் கண்டால் கவலை. "பூத்தாச்சா? அடுத்த மாசம் காய் வெடிச்சுப் பஞ்சு பறக்கும்" என்கிறார், பக்கத்திலிருக்கும் கிளீனர் பையனிடம்.

கவலைக்குக் காரணம் உண்டு. பிப்ரவரி முதல் மே வரை வட இந்தியச் சமவெளியில் காற்று தனியாக வருவதில்லை. முதலில் மல்பெரி, சீமைக் கருவேலம் போன்ற மரங்களின் மகரந்தம். ஏப்ரலில் இலவம்பஞ்சு. அதே சமயத்தில் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கோதுமை அறுவடை. அறுவடை இயந்திரங்கள் கிளப்பும் உமியும் தூசியும் மேகம் போல் சாலையின் குறுக்கே நகரும். மே மாதத்தில் 'ஆந்தி' எனப்படும் புழுதிக் காற்று. இவ்வளவையும் லாரி சுவாசித்தாக வேண்டும். ஒரு லிட்டர் டீசல் எரிவதற்குக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று தேவை. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் லாரி, 100 கிலோமீட்டர் போவதற்குள் இரண்டரை லட்சம் லிட்டர் காற்றை உறிஞ்சிவிடுகிறது. அதை வடிகட்டுவது ஓர் உருளைக்குள் மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதம். ஏர் ஃபில்டர் என்ற அந்தக் காகிதம்தான் லாரியின் மூக்கு.

டிரைவர் 1990இல் கிளீனராகத் தொழிலுக்கு வந்தபோது இந்தக் காகிதம் கிடையாது. அப்போது எண்ணெய்த் தொட்டி ஃபில்டர். காற்று எண்ணெயின் மேல் மோதித் திரும்பும். தூசி எண்ணெயில் தங்கிவிடும். கிளீனரின் வேலை தொட்டியைக் கழற்றி, சேறாகிப்போன எண்ணெயைக் கொட்டி, கம்பி வலையை டீசலில் அலசி, கோடு வரை புது எண்ணெய் ஊற்றுவது. புழுதிக் காலத்தில் தினமும் செய்தாலும் நல்லதுதான். செய்யாவிட்டால் முதலாளியிடம் திட்டு. கழுவக் கழுவ நல்லது என்ற பாடம் அந்த வயதில் மனத்தில் பதிந்தது. வண்டி மாறியது, ஃபில்டர் மாறியது. பாடம் மட்டும் மாறவில்லை.

கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு 2014 மாடல் லாரியை எடுத்த பிறகு இந்த அக்கறை இரண்டு மடங்கானது. மகரந்தக் காலத்தில் தினமும் மாலையில் ஃபில்டரை வெளியே எடுப்பார். மடிப்புகளில் மஞ்சளாக மாவு போல் படிந்திருக்கும். டயரின் மேல் நாலு தட்டு தட்டுவார். பிறகு பங்க்கில் டயருக்குக் காற்றடிக்கும் குழாயை வாங்கி 'புஸ்ஸென்று' ஊதுவார். கூட வரும் டிரைவர்கள் கேலி செய்தால், "எஞ்சினும் மனுஷன் மாதிரிதாங்க" என்பார்.

2019 மே மாதம் அம்பாலா அருகே அந்த எஞ்சின் அவரைக் கைவிட்டது. மேட்டில் இழுக்கவில்லை. புகை நீலமாக வந்தது. எஞ்சின் ஆயில் இரண்டு நாளைக்கு ஒருமுறை குறைந்தது. சாலையோரப் பட்டறையில் வயதான ஒரு ஸர்தார்ஜி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். எஞ்சினைத் தொடவே இல்லை. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயைக் கழற்றி, வெள்ளைத் துணியை விரலில் சுற்றி உள்ளே ஒரு துடைப்புத் துடைத்தார். துணி செம்மண் நிறமாக வெளியே வந்தது. வடிகட்டிய காற்று மட்டுமே போக வேண்டிய குழாய் அது.

பிறகு ஃபில்டரை எடுத்து உள்ளே ஒரு டார்ச் லைட்டை வைத்துக் காட்டினார். காகித மடிப்பில் ஊசி முனை அளவுக்கு மூன்று நான்கு இடங்களில் வெளிச்சம் தெரிந்தது. விளிம்பு நசுங்கி, ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் இருந்தது. எத்தனை நாளைக்கு ஒருமுறை தட்டுவீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார். தினமும் என்று சற்றுப் பெருமையாகவே பதில் சொன்னார் டிரைவர். ஸர்தார்ஜி சிரிக்கவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

மகரந்தத் துகள் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். காகிதம் அதைச் சுலபமாகப் பிடித்துவிடும். மென்மையான பொருள் என்பதால் அது எஞ்சினைத் தேய்ப்பதும் இல்லை. அடைக்கத்தான் செய்யும். தேய்ப்பது அதைவிடப் பொடியான மண் தூசி. ரிங்கையும் லைனரையும் அரம் போல் ராவிவிடும். மகரந்தத்தை எடுக்கிறேன் என்று காகிதத்தைத் தட்டிக் கிழித்தால், மணலுக்கு வாசலைத் திறந்துவிட்டதாக அர்த்தம். தவிர, மேலே படிந்த மெல்லிய தூசிப் படலமே இன்னொரு வடிகட்டியாக வேலை செய்கிறது. புது ஃபில்டரைவிடக் கொஞ்சம் அழுக்கான ஃபில்டர் நன்றாகவே வடிகட்டும். எப்போது மாற்றுவது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அதற்கென்று ஃபில்டர் கூட்டிலேயே விரல் அளவுக்கு ஒரு காட்டி உண்டு. அடைப்பு எல்லை மீறினால் அதில் சிவப்பு தெரியும். இவருடைய வண்டியிலும் அது இருந்தது. ஐந்து வருடமாக ஆயிலும் மண்ணும் அப்பி, அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாமல் போயிருந்தது.

எஞ்சினைப் பிரித்து ரிங், லைனர், டர்போ எல்லாம் மாற்ற இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல் ஆனது. மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. லாரி 25 நாள் நின்றது. மாதத் தவணை நிற்கவில்லை. "கவனிக்காம விட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். கவனிச்சுக் கவனிச்சே கெடுத்தேன்" என்று இன்றைக்கும் சொல்கிறார்.

அதன் பிறகு தட்டுவதை நிறுத்தினார். காட்டியைத் துடைத்துத் தினமும் பார்த்தார். ஆனால் ஊதுவதை மட்டும் விடவில்லை. சிவப்பு வந்ததும் காற்றழுத்தத்தைக் குறைத்து, உள்ளிருந்து வெளியே மெதுவாக ஊதிவிட்டு அதே ஃபில்டரைப் போடுவார். ஒரு புது ஃபில்டரின் விலையை மிச்சப்படுத்துவதாகக் கணக்கு. மூக்கில் துணி கட்டிக்கொள்ளும் பழக்கம் கிடையாது.

2022 மார்ச்சில் பானிப்பட்டுக்கும் கர்னாலுக்கும் நடுவே ஒரு பங்க்கில் இரவு பத்து மணிக்கு ஊதினார். காற்று எதிரே அடித்தது. மஞ்சள் புகை முழுவதும் முகத்தில். தும்மல், கண்ணில் நீர். கால் மணி நேரத்தில் நெஞ்சு இறுகியது. மூச்சு உள்ளே போனது, வெளியே வர மறுத்தது. படுக்க முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். ஹிந்தியில் நாலு வார்த்தை மட்டுமே தெரிந்த கிளீனர் பையன் பங்க் ஊழியரின் கையைப் பிடித்து இழுத்து வந்தான். ஒரு ஆட்டோ கிடைத்தது. சின்ன நர்ஸிங் ஹோம் ஒன்றில் முகமூடி வழியாக மருந்துப் புகை கொடுத்த பிறகுதான் பேச்சு வந்தது.

இரவுப் பணியில் இருந்த இளம் டாக்டர், மூச்சு இரைப்பதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். பல ஆயிரம் கிலோமீட்டர் தூரத்துக்கு லாரி சேர்த்து வைத்த மகரந்தத்தை ஒரே நிமிடத்தில் இழுத்திருக்கிறீர்கள் என்றார். காய்ந்து பழசானாலும் மகரந்தம் ஒவ்வாமையை உண்டாக்கும் என்றார். ஒவ்வொரு வருடமும் இந்த மாதங்களில் வரும் சளியையும் இருமலையும் வட நாட்டுக் குளிர் என்று நினைத்துக் கஷாயம் குடித்தே கடத்தியிருந்தார் டிரைவர். ஆஸ்துமா என்ற பெயரை அன்றுதான் கேட்டார்.

நாமக்கல் திரும்பியதும் டாக்டர் ஒருவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். காலை இரண்டு இழுப்பு, இரவு இரண்டு இழுப்பு, முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும், மூச்சு நன்றாக இருந்தாலும் நிறுத்தக் கூடாது. பதினைந்து நாளில் சரியானதும் நிறுத்திவிட்டார். அடுத்த பயணத்தில் இருமல் திரும்பியது. லாரிக்குத் தேவைக்கு மேல் செய்த மனிதர், தன் நெஞ்சுக்குத் தேவையானதைக்கூடச் செய்யவில்லை என்று அவருடைய மனைவி உறவினர்களிடமெல்லாம் சொல்லி வந்தார்.

இப்போது ஒழுங்குக்கு வந்திருக்கிறது. பிப்ரவரி பிறந்தால் புது ஃபில்டர் ஒன்று சீட்டுக்குப் பின்னால் தயாராக இருக்கும். வெளிவலையில் ஒட்டும் இலவம்பஞ்சைக் கையால் எடுத்துவிட்டால் போதும். அதற்காக உருளையைத் திறப்பதில்லை. கூட்டின் அடியில் தொங்கும் ரப்பர் மூக்கைத் தினமும் ஒருமுறை அமுக்கினால் சேர்ந்த தூசி கொட்டிவிடும். சிவப்பு வந்தால் மட்டுமே திறப்பது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு, உட்காரும் இடத்தை ஈரத்துணியால் துடைத்து, புதியதைப் போடுவது. பழையது சாக்குப்பைக்குள் கட்டப்படும். உள்ளே இருக்கும் இரண்டாவது சின்ன ஃபில்டரைச் சுத்தம் செய்வதே இல்லை. மாற்ற வேண்டிய காலத்தில் மாற்றுவதோடு சரி. ஊதும் வேலை அறவே இல்லை.

2025 அக்டோபர் 1ஆம் தேதிக்குப் பிறகு தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. அந்த லாரிகளை ஓட்டுகிறவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இலவ மரங்களைக் கடக்கலாம். இவருடையது 2014 மாடல். ஏப்ரல் வெயிலில் கண்ணாடியை ஏற்றினால் வேகும், இறக்கினால் பஞ்சு. கழுத்துத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஓட்டுகிறார்.

காலையில் டாபாவில் டீ குடிக்கும் முன் பையன் போய் ரப்பர் மூக்கை அமுக்கிவிட்டு, காட்டியைப் பார்த்துவிட்டு வருகிறான்.

"சிவப்பு இல்லீங்ணா."

"செரி, டீயைக் குடி."

பையன் உட்காரவில்லை. "நீங்க ரெண்டு இழுப்பு இழுத்தாச்சுங்களா?"

டிரைவர் பதில் சொல்லாமல் எழுந்து கேபினுக்குப் போகிறார். திரும்பி வந்து, ஒரு டம்ளர் தண்ணீரை வாங்கி வாய் கொப்பளிக்கிறார். அதற்குப் பிறகுதான் பையன் டீயைக் கையில் எடுக்கிறான்.