பழைய ரிசீவரின் பின்பக்கம்

ஹோம் தியேட்டர் ரிசீவருக்கு வயதாகிவிட்டது என்பது முதலில் அதன் பின்பக்கத்தில்தான் தெரியும். 2000-களின் தொடக்கத்தில் வாங்கிய ஒரு பெட்டியைத் திருப்பி வைத்தால், வீட்டுக்குள் படம் வந்த வழிகள் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். விசிஆருக்கும் விசிடி பிளேயருக்கும் மஞ்சள், சிவப்பு, வெள்ளைப் பின்கள். அடுத்து எஸ்-வீடியோவின் வட்டத் துளை. படத்தை மூன்றாகப் பிரித்துக் கொண்டுவந்த காம்போனென்ட் பின்கள். டிவிடியின் டிஜிட்டல் ஒலியை வாங்க ஒரு கோஆக்சியல், ஒன்றிரண்டு ஆப்டிகல் வாய்கள். சிறு மூடியைத் தள்ளிச் செருகும் அந்த ஆப்டிகல் வாய் 1983-இல் தோஷிபா கொண்டுவந்தது. இன்றைய புது டிவிகள் பலவற்றிலும் அது இருக்கிறது. இத்தனை வாய்களில் இன்னும் வேலை இருப்பது அதற்கும் ஸ்பீக்கர் ஒயரைப் பிடிக்கும் திருகுகளுக்கும்தான்.

எச்டிஎம்ஐயின் முதல் வடிவம் 2002 டிசம்பரில் வெளியானது. நடுத்தர விலை ரிசீவர்களுக்கு அது வந்து சேர மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. அந்த இடைவெளியில் செய்யப்பட்ட பெட்டிகளுக்குள் நல்ல ஆம்ப்ளிஃபயர் இருக்கும். அதனிடம் ஒலியைக் கொண்டுசேர்க்கும் வழிதான் இருக்காது. ரிசீவரை மாற்றலாமா என்ற கேள்வி பெரும்பாலான வீடுகளில் ஒலி கெட்டதால் எழுவதில்லை. புதிய டிவியோ பிளேயரோ வீட்டுக்கு வந்த நாளில், அதைச் செருக இடமில்லாததால் எழுகிறது.

முன்பக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய ரிசீவர்கள் பலவற்றின் முகப்பில் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்று தனித்தனிக் குறிகள் எரியும். தட்டில் எந்த ஒலித்தடம் ஓடுகிறதோ அதன் குறி மட்டும் ஒளிரும். டிடிஎஸ் எரிந்தால் அதற்கு ஒரு தனி மதிப்பு. அந்த மதிப்பு தியேட்டரிலிருந்து வீட்டுக்கு வந்தது. 1993-இல் ஜுராசிக் பார்க் படத்துடன் அறிமுகமான அந்த முறை, நினைக்க நினைக்க வியப்பூட்டும் ஏற்பாடு. டிஜிட்டல் ஒலி படச்சுருளில் இருக்காது. சிடி-ராம் தட்டுகளில் தனியாகத் தியேட்டருக்கு வரும். சுருளின் ஓரத்தில் நேரக்குறிகள் மட்டும் பதிந்திருக்கும். புரொஜெக்டரில் பொருத்திய ஒரு கருவி அந்தக் குறிகளைப் படிக்கப் படிக்க, தட்டு அதற்கு இணையாக ஓடும். சுருள் அறுந்து, ஒட்டும்போது சில பிரேம்கள் போய்விட்டாலும், அடுத்த குறி காட்டும் இடத்துக்கு ஒலி தானே வந்து சேர்ந்துகொள்ளும். குறியே படிக்க முடியாமல் போனால் சுருளில் துணைக்கு இருக்கும் பழைய ஆப்டிகல் தடத்துக்கு மாறிவிடும். பல ஊர்களைச் சுற்றித் தேய்ந்து வரும் சுருள்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறை அன்று இல்லை.

தமிழ் சினிமாவுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. 1995-இல் வந்த குருதிப்புனல் டால்பி ஸ்டீரியோ சரவுண்டைப் பயன்படுத்திய முதல் இந்தியப் படமாகவும், 1996-இல் வந்த கருப்பு ரோஜா இந்தியாவின் முதல் டிடிஎஸ் படமாகவும் அறியப்படுகின்றன. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் தியேட்டர் விளம்பரங்களில் டிடிஎஸ் என்ற எழுத்துகள் படத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்தன. வீட்டு ரிசீவரில் அதே எழுத்துகள் எரிந்தபோது கிடைத்த மகிழ்ச்சியின் வேர் அங்கே இருக்கிறது. ஆனால் தியேட்டர் டிடிஎஸ்ஸும் வீட்டு டிடிஎஸ்ஸும் பெயரில்தான் ஒன்று. ஒலியைச் சுருக்கும் முறை வேறு. டிவிடியில் டிடிஎஸ் நொடிக்கு அதிகபட்சம் சுமார் 1.5 மெகாபிட்டும், டால்பி டிஜிட்டல் 448 கிலோபிட்டும் எடுத்துக்கொண்டன. இரண்டும் ஆப்டிகல் ஒயருக்குள் அடங்கின. ப்ளூ-ரேயுடன் வந்த டால்பி ட்ரூஎச்டியும் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவும் அதற்குள் அடங்கவில்லை. பழைய பெட்டி பின்தங்கியது அந்த இடத்தில்தான்.

இருந்தாலும் கடைக்குப் போவதற்கு முன் பழையதை ஒருமுறை சோதிப்பது முறை. ஓடிடி படங்களின் 5.1 ஒலி பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில் வருகிறது. ஆப்டிகல் இதைத் தாங்காது. பல டிவிகள் இதைப் பழைய டால்பி டிஜிட்டலாக மாற்றி ஆப்டிகலில் அனுப்புகின்றன. சில, வெறும் ஸ்டீரியோவாகச் சுருக்கிவிடுகின்றன. டிவியின் ஒலி மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் பிசிஎம் என்று இருந்தால், அதை ஆட்டோவுக்கோ டால்பி டிஜிட்டலுக்கோ மாற்றிவிட்டு ரிசீவரின் முகப்பைப் பார்த்தால் போதும். டால்பி குறி எரிந்தால், தட்டு வாங்காமல் ஓடிடி மட்டும் பார்க்கும் வீட்டுக்கு அவசரம் ஒன்றுமில்லை.

2010-ஐ ஒட்டி வாங்கிய ரிசீவர்களின் சிக்கல் வேறு. அவற்றில் எச்டிஎம்ஐ இருக்கும். 4கே படங்கள் கேட்கும் எச்டிசிபி 2.2 என்ற பூட்டுக்குச் சாவி இருக்காது. 4கே பிளேயரை அதன் வழியாக அனுப்பினால் திரை இருண்டுபோகும், அல்லது படம் 1080-க்கு இறங்கிவிடும். பிளேயரை நேரே டிவியில் செருகி, ஒலியை மட்டும் ஏஆர்சி வழியாக ரிசீவருக்குத் திருப்பி அனுப்புவது இதற்கு நல்ல மாற்று. ஏஆர்சி 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது. சுருக்காத ஒலியையும் ட்ரூஎச்டியையும் தாங்கும் ஈஏஆர்சி, 2017-இல் 2.1-உடன் வந்தது. ஓடிடியின் அட்மாஸ் ஒலி டால்பி டிஜிட்டல் பிளஸ் மேலும், ப்ளூ-ரேயின் அட்மாஸ் பெரும்பாலும் ட்ரூஎச்டி மேலும் சவாரி செய்கிறது. ஆகவே ஈஏஆர்சி யாருக்குக் கட்டாயம் என்பதை அந்த வீட்டின் தட்டு அலமாரிதான் சொல்ல வேண்டும். நொடிக்கு 120 பிரேம் ஓடும் வீடியோ கேம் ஆடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ரிசீவரில் ஆறு எச்டிஎம்ஐ வாய்கள் இருந்தாலும் எல்லாமே அந்த வேகத்தைத் தாங்கும் என்று இல்லை, எத்தனை தாங்கும் என்பது விவரப் பட்டியலில் சிறிய எழுத்தில் இருக்கும்.

ஸ்பீக்கர்களுக்கு இந்த வகை வயது கிடையாது. இருபது ஆண்டுக்கு முந்தைய நல்ல ஸ்பீக்கர் இன்றைய எந்த ரிசீவரோடும் சேரும். பார்க்க வேண்டியது கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை மட்டும்தான். ரப்பர் வளையம் நீண்ட நாள் நிற்கும். ஃபோம் வளையம், அதிலும் சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில், விரல் பட்டாலே உதிரும் நிலைக்கு வந்திருக்கலாம். வளையம் மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். அதற்காக ஸ்பீக்கரையே தூக்கிப் போடுவது வீண் செலவு.

வாட் கணக்கில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 1990-களின் டேப் டெக்குகளில் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கான வாட் போட்ட ஸ்டிக்கர்கள் பலருக்கு நினைவிருக்கும். ஒரு கணத்துக்கு, தாங்காத நிலையில் வரும் உச்சத்தைக் காட்டிய எண் அது. கேட்கும் ஒலிக்கும் அதற்கும் தொடர்பு மிகக் குறைவு. அமெரிக்காவில் இந்த மிகையைக் கட்டுப்படுத்த அங்குள்ள வணிக ஆணையம் 1974-இலேயே விதி கொண்டுவந்தது. இன்றைய ரிசீவர் அட்டைப்பெட்டிகளில் பிஎம்பிஓ இல்லை. ஆனால் 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதச் சிதைவு, ஒரே ஒரு சேனல் இயங்கும் நிலை என்று அளந்த 150 வாட் பெரிய எழுத்தில் நிற்கும். நம்ப வேண்டிய வரி வேறு இடத்தில், வேறு விதமாக இருக்கும்: 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், இரண்டு சேனல்களும் இயங்கும்போது, 0.1 சதவீதத்துக்கும் குறைந்த சிதைவு. அதே பெட்டி அங்கே 80 அல்லது 90 வாட் என்று இறங்கியிருக்கும். ஒப்பிட வேண்டிய எண் அதுதான்.

ஒப்பிட்ட பின்னும் அந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதற்குக் காதுதான் கணக்கு. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 87 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கர், மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு, சுவர்களின் உதவியைச் சேர்க்காமலே, சுமார் 77 டெசிபல் தரும். வீட்டில் படம் பார்க்கும் சராசரி ஒலி 75 டெசிபல் என்றால் அதற்கு அரை வாட் போதும். வெடிச்சத்தம் அதைவிட 20 டெசிபல் மேலே போனால் நூறு மடங்கு, அதாவது ஐம்பது அறுபது வாட் வேண்டும். வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். 80 வாட் ரிசீவருக்கும் 95 வாட் ரிசீவருக்கும் உள்ள வித்தியாசம் முக்கால் டெசிபல். அது காதுக்கு எட்டாது. அந்த விலை வித்தியாசத்தை வேறிடத்தில் போடுவதே நல்லது. 4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் விதிவிலக்கு. ரிசீவரை 4 ஓமுக்கு மாற்றும் ஸ்விட்ச் பெரும்பாலும் சூட்டைத் தணிக்கத் திறனைக் குறைக்கும் ஏற்பாடு. அவர்களுக்குத் தேவை, கனமான டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டி, அல்லது தனி ஆம்ப்ளிஃபயர் இணைக்க ப்ரீ-அவுட் உள்ள பெட்டி.

5.1 என்ற எண்ணில் உள்ள புள்ளி ஒன்றை விளங்கிக்கொள்ளாமல் ரிசீவரை விளங்கிக்கொள்ள முடியாது. திரைப்பட ஒலிக்கு எத்தனை சேனல் வேண்டும் என்று 1987-இல் அமெரிக்கத் திரைப்படப் பொறியாளர் சங்கத்தின் ஒரு குழு விவாதித்தபோது, இந்த எண்ணைச் சொன்னவர் டாம்லின்சன் ஹோல்மன். டிஎச்எக்ஸ் முறையை உருவாக்கியவர் அவர். முழு அகலச் சேனல்கள் ஐந்து. இடி, வெடி, நிலநடுக்கம் போன்ற அடித்தள ஒலிக்கு மட்டும் 120 ஹெர்ட்ஸ் வரை போகும் குறுகிய சேனல் ஒன்று. 20,000 ஹெர்ட்ஸில் 120 என்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதைத் தாராளமாக, வாயில் நுழையும்படி புள்ளி ஒன்று ஆக்கினார்கள். அந்த எண் பின்னாளில் வீட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

புள்ளி ஒன்று என்பது சப்ஊஃபர் என்றே பலர் நினைக்கிறார்கள். அது தனிச் சேனலின் பெயர். சப்ஊஃபருக்கு அந்தச் சேனலோடு, சிறிய ஸ்பீக்கர்களால் தர முடியாத அடித்தள ஒலியும் சேர்ந்து போக வேண்டும். எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே போக வேண்டும் என்று பிரிப்பது ரிசீவரின் வேலை. டிஎச்எக்ஸ் தந்த 80 ஹெர்ட்ஸ் இன்றும் நல்ல தொடக்கம். பழைய மலிவு ரிசீவர்கள் சிலவற்றில் எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே எல்லைதான் வைக்க முடியும். புதியவற்றில் முன், நடு, பின் என்று தனித்தனியாக வைக்கலாம். அளவு கலந்த ஸ்பீக்கர்கள் உள்ள வீட்டுக்கு, அட்மாஸைவிட இந்த வசதி அதிகம் பயன்தரும்.

ஹோல்மனின் பெயர் ரிசீவர் வரலாற்றில் இன்னொரு முறையும் வருகிறது. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்விலிருந்து 2002-இல் பிறந்த ஆடிசி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். பழைய நாளில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை டேப் பிடித்து அளந்து, உஸ்ஸென்று வரும் சோதனை ஒலியைக் காதால் ஒப்பிட்டு அளவு வைக்க வேண்டும். ஆடிசியும், யமஹாவின் ஒய்பாவோ, ஸ்வீடனின் டிராக் போன்ற மற்ற முறைகளும் ஒரு மைக்கை வைத்து அதைச் செய்துவிடுகின்றன. அறை கெடுத்த ஒலியையும் ஓரளவு திருத்துகின்றன. இரண்டு ரிசீவர்களுக்கு இடையே தயங்கும்போது வாட்டையும் சேனல் எண்ணிக்கையையும் விட்டுவிட்டு, எதில் மேலான திருத்த முறை இருக்கிறது என்று பார்ப்பதே சரியான தேர்வு. காதில் கேட்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டு வீட்டு ஹாலுக்கு இது இன்னும் பொருந்தும். தரை மொசைக்கோ டைல்ஸோ; சுவரும் கூரையும் சிமெண்ட். 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு முழக்கம் எழும். அறை 12-க்கு 12 என்று சதுரமாக இருந்தால் நீளத்தின் முழக்கமும் அகலத்தின் முழக்கமும் ஒரே இடத்தில் சேர்ந்துகொள்ளும். மைக் அளந்து இதைத் தணிக்கும். கை தட்டினால் திரும்பி வரும் எதிரொலியை அதனால் போக்க முடியாது; அதற்கு ஜமுக்காளமும் கனத்த திரைச்சீலையும்தான் வழி. அளக்கும்போது மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மைக்கைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் காது உயரத்தில் வைக்க வேண்டும். முடிந்தபின் சப்ஊஃபரின் தூரம் டேப் காட்டுவதைவிட அதிகமாகத் தெரிந்தால் அதைத் திருத்தக் கூடாது. சப்ஊஃபருக்குள் ஒலி தாமதமாகும் நேரத்தையும் கருவி தூரமாகவே கணக்கிடுகிறது.

சேனல் எண்ணிக்கையில் ஏழு சேனல் ரிசீவர் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். பழைய ஐந்து ஸ்பீக்கரோடு கூரைப் பக்கம் இரண்டு சேர்த்தால் 5.1.2 அட்மாஸ் ஆகிவிடும். கான்கிரீட் கூரையில் துளை போட மனமில்லாதவர்கள், மிஞ்சும் இரண்டு சேனலைப் பற்றிக் கவலைப்படாமல், வசனம் தாங்கும் நடு ஸ்பீக்கரை மேம்படுத்தலாம். வசனம் புரியவில்லை என்ற குறை பெரும்பாலும் அங்கே தீரும்.

புதிய பெட்டியைக் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் அடைக்கக் கூடாது. மேலே ஒரு சாண் இடமாவது சூடு வெளியேற வேண்டும். பழையதைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு ஒயரிலும் இடம், வலம், நடு என்று சீட்டு ஒட்டிக்கொண்டால் ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். பழைய ரிசீவரில் ஃபோனோ வாய் இருந்தால், அதையும் இரண்டு ஸ்பீக்கரையும் இன்னொரு அறைக்குக் கொண்டுபோய் இசைத்தட்டுக் கருவியோடு இணைக்கலாம். மல்டிசேனல் இன்புட் என்று ஆறு அனலாக் பின்கள் இருந்தால், புதியதன் ப்ரீ-அவுட்டிலிருந்து ஒயர் கொடுத்து, முன் ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயராகவே அதை அதே அலமாரியில் வைத்துக்கொள்ளலாம்.