புள்ளி வெச்சு கோடு போட்ட கதை

போன வாரம் பரண் ஒழிச்சப்போ பழைய கிராப் பேப்பர் கட்டு ஒண்ணு கிடைச்சது. வேளாண் பொருளாதாரம் படிச்ச காலத்துல போட்டது. சின்ன வெங்காயம். கிடையா வரத்து, நெடுக்கா விலை, ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்துலயும் வருஷம்.

இந்த முறையைச் சொன்னவர் லூயிஸ் பீன், அமெரிக்க விவசாயத் துறைக்காரர். விலைக்கு ஒரே காரணம் கிடையாதே? வரத்து, ஜனங்க கையில இருக்கற காசு எல்லாம் சேர்ந்துதான் விலை. இதைப் பிரிச்சுப் பார்க்க மோர்டெகாய் எசக்கியல் 1924-ல் ஒரு வழி சொன்னார். ஆனா கணக்குப் போட்டே கை ஒடிஞ்சிடும். 1929-ல் பீன் குறுக்கு வழி காட்டினார்.

ஜனங்க வருமானம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்த வருஷங்களோட புள்ளிகளை மெல்லிசா இணைக்கணும். அதெல்லாம் எப்படிச் சாயுதோ அதுக்கேத்தபடி ஒரு வளைகோடு. கோட்டுக்கும் புள்ளிக்கும் உள்ள இடைவெளியை அடுத்த தாள்ல வருமானத்துக்கு எதிரா குறிச்சு அங்க ஒரு கோடு. அப்பவும் மிஞ்சறதை வெச்சு முதல் கோட்டைத் திருத்தணும். கோடு அசையாம நிக்கற வரைக்கும் இதேதான். பென்சிலும் ரப்பரும் போதும்.

படிச்ச மிதப்புல இருந்தேன். "தம்பி, அடுத்த பட்டத்துக்கு வெங்காயமே போட்றலாமா?"ன்னு அப்பா கேட்டார். ஒன்பதே ஒன்பது புள்ளியை வெச்சுக்கிட்டு, "தாராளமா போடுங்கப்பா, விலை நிக்கும்"னேன்.

எடுத்த கூலிக்குக்கூடக் கட்டலை.

அப்பா திட்டலை. "நீ என்னப்பா பண்ணுவ, போன வருஷ விலையைப் பார்த்து ஊரே போட்டுருச்சு"ன்னார். என் கிராப்ல இல்லாத காரணி அதுதான். விலைக்கேத்தபடி விவசாயி பரப்பை மாத்தறதைப் பத்தி பீனே அதே 1929-ல் தனியா எழுதியிருக்கார். நான்தான் படிக்கலை.

மேலன்பாம், பிளாக்னு ரெண்டு பேர் 1937-ல் இந்த முறையைக் கிழிச்சதும் பிறகுதான் தெரிஞ்சது. காரணிகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தே நகர்ந்தா, முதல்ல எந்தச் சாய்வுல கோடு போடறமோ அதுதான் கடைசி விடையையும் இழுக்கும்னாங்க. என் விஷயத்துல சத்தியமான வார்த்தை. அப்பாவுக்கு நல்ல சேதி சொல்லணும்னு ஆசை. பென்சில் அந்தப் பக்கமே போயிருக்கு.

இப்ப மென்பொருள் நொடியில விடை தருது. இருந்தாலும் முதல்ல வருஷம் எழுதி புள்ளி வெச்சுப் பார்த்துட்டுதான் மத்ததெல்லாம். கோட்டை விட்டுத் தள்ளி நிக்கற புள்ளிகிட்ட ஏன்னு கேட்கணும் இல்லையா?

அந்தத் தாள்ல அந்த வருஷத்தையும் இப்ப குறிச்சேன். பக்கத்துல பென்சில்ல எழுதினது: "ஊரே போட்டுருச்சு."