ஆயுசு கேட்டு வாங்குங்கள்!

எங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு போன் கடையிலிருந்து நேராக வந்ததே கிடையாது. பெரியவளுக்குப் புதுசு வாங்கினால், அவளுடைய பழசு எனக்கு. சின்னவன் கீழே போட்டுக் கண்ணாடி விரிசல் விட்டால், அதுவும் எனக்கு. "அம்மாவுக்கு என்ன, பேசத்தானே?" என்பார்கள். நானும் பேசத்தானே என்று இருந்துவிட்டேன். 2025 தை மாசம் அதற்கு நல்ல பாடம் கிடைத்தது.

ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம். நாலு வருஷமாக வீட்டிலிருந்தே ப்ளவுஸுக்கு ஆரி வேலை செய்து கொடுக்கிறேன். பெரிய வருமானம் என்று சொல்ல முடியாது. ஆனால் பால் கணக்கு, கேஸ், சின்னவன் ட்யூஷன் எல்லாம் அதிலேயே நடந்துவிடும். அளவு கேட்பது, டிசைன் காட்டுவது, அட்வான்ஸ் வருவது எல்லாமே போனில்தான்.

அந்தத் தை மாசம் பெங்களூரிலிருந்து ஒரு கல்யாண ஆர்டர். பெண்ணின் அம்மா நேரிலேயே வந்திருந்தார். எம்.எஸ். ப்ளூ புடவை, அரக்கு பார்டர், அரக்கு ப்ளவுஸ். முதுகில் மாங்காய் போட்டு, அதைப் புடவை நிறத்திலேயே பட்டு நூலால் நிரப்ப வேண்டும். மொத்தம் 5,000 ரூபாய், அட்வான்ஸ் 2,000. புடவையை வாசல் வெயிலில் விரித்து, நூல் பெட்டியை மேலே வைத்து, நானும் அந்த அம்மாளுமாகத்தான் நூலைத் தேர்ந்தெடுத்தோம். அதில் சந்தேகமே இல்லை.

வேலை முடிந்து படம் எடுத்து அனுப்பினேன். பத்தே நிமிஷத்தில் போன். "என்னங்க, கத்தரிப்பூக் கலர்ல போட்டிருக்கீங்க? நாங்க சொன்னது எம்.எஸ். ப்ளூ ஆச்சே!"

படத்தைப் பார்த்தேன். வாஸ்தவம்தான், கத்தரிப்பூ நிறமாகத்தான் இருந்தது. ப்ளவுஸைப் பார்த்தேன். நீலமாக இருந்தது. நான் எதை நம்பியிருக்க வேண்டும், சொல்லுங்கள்? கல்யாண வீட்டு ஆர்டர் ஆயிற்றே என்ற பயத்தில் படத்தை நம்பினேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து போட்ட மாங்காயை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கொஞ்சம் வெளிறிய நீல நூலை வைத்து மறுபடி போட்டேன். அது படத்தில் அச்சாக எம்.எஸ். ப்ளூ மாதிரி விழுந்தது. அனுப்பிவிட்டேன்.

மண்டபத்தில் புடவையோடு சேர்த்துக் கட்டியபோதுதான் தெரிந்ததாம். புடவை ஒரு நீலம், முதுகில் வேறொரு நீலம்! மீதி 3,000 ரூபாய் வரவில்லை. பணம்கூடப் போகட்டும். "முகூர்த்தத்தன்னிக்கு என் பொண்ணு கண்ல தண்ணி" என்று அந்த அம்மாள் சொன்னாரே, அதுதான் இன்றுவரை நெஞ்சில் உறுத்துகிறது.

என் தம்பி பையன் இன்ஜினீயரிங் படிக்கிறான். விஷயத்தைக் கேட்டதும், "அத்தை, முதல்ல வெளிச்சத்தைப் பார்ப்போம். அப்புறம் போனைக் குறை சொல்லலாம்" என்றான். ட்யூப்லைட்டுக்கு அடியில் எடுக்காமல், காலை பத்து மணிக்கு ஜன்னலோரம் வெள்ளை வேஷ்டியை விரித்து எடுக்கச் சொன்னான். பாதிக் குறை அதிலேயே தீர்ந்தது. காசு செலவில்லாத வழி, எல்லோரும் முதலில் இதைச் செய்து பாருங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும்போது ஹெச்.டி. என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டு அனுப்பினால் படம் அதிகம் நசுங்காமல் போகிறது.

ஆனால் மீதிப் பாதி தீரவில்லை. கருநீலம் கத்தரிப்பூவாகவேதான் விழுந்தது. கிட்டே எடுத்தால் ஜரிகை ஒரே கசகசப்பு. என் போனில் கிட்டப் பார்வைக்கென்று இருந்த லென்ஸ் வெறும் 2 மெகாபிக்சலாம். "பெரிய கேமரா 50 மெகாபிக்சல்னு போட்டிருக்கேடா?" என்றேன். "அத்தை, அது அரிசி எத்தனைன்னு எண்ணிச் சொல்ற மாதிரி. அரிசி பருமனா நொய்யான்னு அது சொல்லாது. உள்ளே வெளிச்சம் விழற சில்லு பெரிசா இருக்கணும்" என்றான். இது எனக்குப் புரிந்தது.

என் கையில் சீட்டுப் பணம் 30,000 இருந்தது. ஒரு கம்பெனி தன் முதல் தரமென்று விடும் போன் புதுசாக எழுபதாயிரம், எண்பதாயிரம். அது நமக்கு எட்டாது. ஆனால் அதே போன் மூன்று, நாலு வருஷம் பழசானால் விலை பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. "அதை வாங்கலாம் அத்தை, ஆனா பார்த்து வாங்கணும்" என்றான்.

இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சீட்டு எடுத்தா வளையல்னு சொன்னியே? யாரோ தூக்கிப் போட்ட போனுக்கா அந்தப் பணம்?" என்றார்.

"வளையல் எனக்கு ஆர்டர் பிடிச்சுத் தருமா?" என்றேன். அவர் மறுபடி பேப்பரை விரித்துக்கொண்டார்.

மெயின்கார்டுகேட் பக்கம் ஒரு கடையில் முதலில் பார்த்தது சாம்சங் எஸ்10. 7,000 ரூபாய்தான். கண்ணாடி பளபளவென்று இருந்தது, படமும் என் போனைவிட எவ்வளவோ மேல். அப்போதே பணத்தை எடுத்திருப்பேன். பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இது 2019ல வந்தது அத்தை. கம்பெனி இதுக்குப் பாதுகாப்பு அப்டேட் தர்றதை 2023லயே நிறுத்திட்டாங்க."

"நிறுத்தினா என்னடா? எங்கம்மா மிக்ஸி இருபது வருஷம் ஓடலையா?"

"மிக்ஸிக்குள்ள பாட்டி பேங்க் கணக்கா வெச்சிருந்தாங்க?"

வாயடைத்துப் போனேன். திருடர்கள் புதுசு புதுசாகச் சாவி செய்கிறார்கள். கம்பெனி அதற்கேற்பப் பூட்டை மாற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பூட்டு மாற்றுவதுதான் பாதுகாப்பு அப்டேட்டாம். என் அட்வான்ஸ் பணமெல்லாம் ஜிபேயில் வருகிறது. பூட்டு மாற்றாத பெட்டியில் பணத்தை வைப்பார்களா?

வருஷத்தை மட்டும் பார்த்தும் முடிவு கட்ட முடியாது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐபோன் 11 கூட 2019ல் வந்ததுதான். 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26 அதற்கும் கிடைத்தது. அதற்கு ஒரு வருஷம் மூத்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் விட்டுப் போயின. மாட்டுக்குப் பல்லைப் பார்க்கிற மாதிரி, போனுக்கு எந்த மாடல், இன்னும் எத்தனை நாள் அப்டேட் என்று கேட்க வேண்டும்.

அடுத்த கடையில் சாம்சங் எஸ்22, 17,000 ரூபாய். கடைக்காரர் மேடம் மேடம் என்று டீ கூட வரவழைத்தார். பில் மட்டும் தொலைந்துவிட்டதாம். பையன் பேசாமல் அந்தப் போனில் *#06# என்று அழுத்தினான். 15 இலக்க எண் ஒன்று வந்தது. தன் போனிலிருந்து கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணையும் போட்டு 14422க்குச் செய்தி அனுப்பினான். பதில் வந்தது: கறுப்புப் பட்டியலில் உள்ள போன்!

"சர்வர் ப்ராப்ளம் மேடம்" என்றார் கடைக்காரர். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டோம். வரும் வழியெல்லாம் எனக்குப் படபடப்பு. யார் வீட்டில், யார் பையிலிருந்து எடுத்ததோ! அதை வாங்கிக்கொண்டு வந்து பூஜை அறைக்குப் பக்கத்து மேஜையில் வைத்து, கல்யாண ப்ளவுஸைப் படம் எடுத்திருப்பேனே! மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாசம் சஞ்சார் சாத்தி என்று தளம் ஆரம்பித்திருக்கிறது. தொலைந்த போனை அதில் சொல்லி முடக்கலாம். வாங்கப் போகும் போனையும் சரிபார்க்கலாம். கறுப்புப் பட்டியல் என்றோ, நகல் என்றோ, ஏற்கெனவே உபயோகத்தில் இருப்பது என்றோ வந்தால் தொடவே கூடாது.

அன்று ராத்திரி நான் ஒரு கணக்குப் போட்டேன். காய்கறிக் கணக்கு நோட்டிலேயே போட்டதுதான். எஸ்22, 2022 பிப்ரவரியில் வந்தது. பாதுகாப்பு அப்டேட் ஐந்து வருஷம் என்றால் 2027 பிப்ரவரி வரை. அப்போது 2025 ஜூலை, ஆகவே மிச்சம் 19 மாசம். 17,000ஐ 19ஆல் வகுத்தால் மாசம் 895 ரூபாய். அதற்கு அடுத்த வருஷம் வந்த எஸ்23க்கு 2028 பிப்ரவரி வரை, மிச்சம் 31 மாசம். அது 25,500க்கு ஓரிடத்தில் இருந்தது. வகுத்தால் மாசம் 823. விலை அதிகமானதுதான் மாசக் கணக்கில் மலிவு! பழைய போன் வாங்கும்போது நாம் போனை வாங்கவில்லை, அதன் மிச்ச ஆயுசைத்தான் வாங்குகிறோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2024ல் வந்த சாம்சங் ஏ16 5ஜி மாதிரி சாதாரணப் புதுப் போனுக்கே ஆறு வருஷம் அப்டேட் சொல்கிறார்கள். அப்போது சுமார் 18,000 ரூபாய் போட்டு வாங்கியிருந்தாலும் 2030 வரை ஓடும். மாசம் முந்நூறு கூட வந்திருக்காது! ஆகவே பேசவும், பேரனைப் படத்தில் பார்க்கவும், பணம் அனுப்பவும்தான் போன் என்றால், பழைய முதல் தரப் போன் வாங்காதீர்கள். புதுச் சாதாரணப் போன்தான் லாபம். என் மாதிரி அந்தக் கேமராவை வைத்துப் பிழைப்பவளுக்குத்தான் மாசம் ஐந்நூறு அதிகம் கொடுப்பதில் நியாயம் உண்டு. ஒரு ப்ளவுஸ் திரும்பி வராமல் இருந்தால் ஆறு மாச வித்தியாசம் கட்டிவிடுகிறதே!

அந்த எஸ்23 இவருடைய ஆபீஸ் நண்பரின் பையனுடையது. பில் இருந்தது, பெட்டி இருந்தது, பெட்டியிலுள்ள எண்ணும் போனிலுள்ள எண்ணும் ஒன்றாக இருந்தது. 14422 நல்ல பதில் சொன்னது. தெரிந்தவர் என்பதற்காக நாங்கள் எதையும் விடவில்லை. *#0*# அழுத்தினால் திரை முழுக்கச் சிவப்பு, பச்சை, நீலம் என்று வருகிறது. அதில் கோடோ, கறையோ இருக்கிறதா என்று பார்த்தோம். சாம்சங் மெம்பர்ஸ் என்ற ஆப்பில் பேட்டரியைச் சோதித்தோம். பத்து நிமிஷம் வீடியோ எடுத்துச் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்தோம். பின்பக்கம் உப்பியிருக்கிறதா என்று மேஜைமேல் வைத்து அசைத்தோம். உப்பிய பேட்டரி ஆபத்து, சும்மா கொடுத்தாலும் வேண்டாம். கடைசியில் அந்தப் பையனையே தன் கூகுள் கணக்கை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னோம். கணக்கை எடுக்காமல் அழித்தால் பழைய சொந்தக்காரரின் பாஸ்வேர்டு கேட்டுப் போன் பூட்டிக்கொள்ளக்கூடும். ஐபோனுக்கும் அப்படித்தான்.

என் கையிலிருந்து எண்ணி 25,500 கொடுத்தபோது கை கொஞ்சம் நடுங்கியது. வளையல் ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய்.

குறை இல்லாமலும் இல்லை. பேட்டரி சிறிசு. ஆர்டர் அதிகமான நாளில் சாயந்திரம் ஒரு தடவை சார்ஜ் போட வேண்டியிருக்கிறது. பெட்டியில் சார்ஜர் கிடையாது, சின்னவனுடையதைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறோம். 2028 பிப்ரவரிக்கு அப்புறம் இதில் ஜிபே வைத்துக்கொள்ளக் கூடாது என்று இப்போதே காலண்டர் அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு இது வெறும் கேமராவாக என் ஆரி ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கட்டும்.

போன் வந்த மறுநாள் காலை பத்து மணி. ஜன்னலோரம் வேஷ்டியை விரித்தேன். தை மாசம் பிரித்த பட்டு நூலைத் தூக்கிப் போட மனசு வராமல் ஒரு டப்பாவில் சுருட்டி வைத்திருந்தேன். அதை எடுத்து வைத்துப் படம் எடுத்தேன்.

நீலம். ராத்திரி வானம் மாதிரி, எம்.எஸ். ப்ளூ.

"பாருங்க, அன்னிக்கும் இது நீலமாத்தான் இருந்தது" என்று இவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "உனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே" என்றார்.

அந்தப் படத்தை பெங்களூருக்கு அனுப்பலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அனுப்பவில்லை. முடிந்த கல்யாணத்துக்கு இனி என்ன நிரூபணம்? ஆனால் இப்போதெல்லாம் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். படம் அனுப்பும்போதே, "நிறம் நேரில் பார்த்துத் தேர்ந்தெடுத்தது, நூல் துண்டு தபாலில் வருகிறது" என்று எழுதி, ஒரு முழ நூலையும் கவரில் போட்டு அனுப்பிவிடுகிறேன். எவ்வளவு நல்ல போனாக இருந்தாலும், எதிராளி பார்ப்பது அவர் போனில்தானே!

பழசோ புதுசோ, போன் வாங்கப் போகும் சகோதரிகள் கடைக்காரரிடம் விலையைக் கேட்கும் முன்னால் அதன் ஆயுசைக் கேளுங்கள். அதற்கும் முன்னால், எனக்கு இது எதற்கு என்று உங்களையே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். "அம்மாவுக்கு என்ன, பேசத்தானே?" என்று மற்றவர்கள் பதில் சொல்லும்படி மட்டும் விட்டுவிடாதீர்கள்!